பப்பாளி மரமும் நச்சுயிரியும்



வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பப்பாளியின் இளம் இலைகள் மஞ்சளாகிச் சுருங்குவதையும், காயின் தோலில் வளையம் வளையமாகத் தோன்றுவதையும் நாம் கண்டிருக்கலாம். இது வைரஸ் என்னும் நச்சுயிரியின் வேலை. அசுவினி என்ற சிறு பூச்சி, நோயுற்ற மரத்தின் சாற்றை உறிஞ்சிவிட்டு அடுத்த மரத்துக்கு நோயைக் கொண்டு போகிறது.

செடிகளும் சும்மா இருப்பதில்லை. சில செடிகளில், நச்சுயிரி நுழைந்த இடத்து உயிரணுக்கள் தாமே மடிந்து அது பரவாமல் தடுக்கின்றன. இன்னொரு வழியும் உண்டு. நச்சுயிரியின் மரபுப் பொருளைச் செடி துண்டு துண்டாக நறுக்குகிறது. அந்தத் துண்டுகளையே அடையாளமாகக் கொண்டு மீதியையும் தேடி அழிக்கிறது. ஆனால் நச்சுயிரி இந்தக் காவலை முடக்கவும் வல்லது. பப்பாளி பெரும்பாலும் தோற்றுவிடுகிறது.

ஹவாய்த் தீவில் பப்பாளி பயிரிட்டுப் பிழைப்போர் பலர். அங்கே பூனா வட்டாரத்தில் 1992ஆம் ஆண்டு இந்நோய் புகுந்தது. டென்னிஸ் கொன்சால்வெஸ் என்ற அறிஞரின் குழுவினர், நச்சுயிரியின் மேலுறைக்குரிய மரபணுவை முன்னரே பப்பாளியில் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். பகைவனின் அடையாளத்தை முன்பே அறிந்த மரம், அவன் நுழைந்தவுடனே நறுக்கத் தொடங்கியது. 1998இல் 'ரெயின்போ' என்னும் அந்த இனத்தின் விதை விவசாயிகளுக்குக் கிடைத்தது.

ஆயினும் ஹவாய் நச்சுயிரிக்கு ஏற்ற விதை, மற்ற நாட்டு நச்சுயிரியையும் தடுக்கும் என்பதற்கில்லை. நோயுற்ற மரத்தைக் குணமாக்கும் மருந்தும் இல்லை. ஆகவே, காய் தொங்குகிறதே என்று இரங்காமல் அம்மரத்தை வேரோடு அகற்றுவோம். அதன் காயைத் தின்பதால் நமக்குத் தீங்கில்லை. மரத்தை விட்டுவைத்தால்தான் லயத்து வரிசை முழுவதற்கும் கேடு.