மெலிந்த குழந்தையும் கூட்டுச் சிகிச்சையும்



ஆறு மாதம் நிறைந்து, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறையுமாயின், அது கடுமையான ஊட்டக் குறைவாகும். உணவுப் பற்றாக்குறை மட்டுமே அதற்குக் காரணமன்று. மறைந்திருக்கும் காசநோயையோ இருதயக் கோளாறையோ மருத்துவர் கண்டறிவார். ஊட்டும் முறையிலுள்ள பிழையைச் செவிலியர் திருத்துவார். எதனை, எவ்வளவு, எத்தனை வேளை கொடுப்பதென்று உணவியல் வல்லுநர் வகுப்பார். தாய் கூலி வேலைக்குச் சென்றபின் குழந்தைக்கு ஊட்டுவோர் யாரெனச் சமூகப் பணியாளர் கேட்டறிவார்.

இவர்கள் ஒருங்கே அமர்ந்து ஆராய்தல் வேண்டும். ஒருவர் காணத் தவறியதை மற்றவர் காண்பார். குழந்தை எடை கூடி வீடு திரும்பியபின், அங்கன்வாடியின் தராசே அதற்குக் காவல்.

தாயைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அவரும் அக்குழுவில் ஒருவரே. அவர் சொல்லைக் கேளாத சிகிச்சை மருத்துவமனை வாயிலோடு நின்றுவிடும்.