கூரையில் ஒரு குடித்தனம்



காலி வீதியில் இரவு பகலாய் வாகனங்கள் இரையும் பம்பலப்பிட்டியில் காட்டு விலங்கா என்று கேட்பீர்கள். நான் வாடகைக்கு இருக்கும் பழைய ஓட்டு வீட்டின் சீலிங்குக்கு மேலே பல இரவுகள் ஏதோ ஓடித் திரிந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். தாயொன்றும் மூன்று குட்டிகளும்! ஓடு மாற்ற வந்தவர் 'உகுடுவா' என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். யாழ்ப்பாணத்தில் நாம் மரநாய் என்போம். பனையிலே கள்ளு முட்டியில் வாய் வைக்கும், கோழிக்கூட்டையும் விடாது.

ஆனால் அது பெரும்பாலும் உண்பது பழங்களையே. விழுங்கிய விதைகளை எச்சத்தோடு வேறிடத்தில் போட்டு மரம் முளைக்க வழி செய்கிறது. எலிகளையும் பிடிக்கிறது. பகலில் உறங்க அதற்கு மரப்பொந்து வேண்டும். மாவும் பலாவும் நின்ற வளவுகளில் மாடிமனைகள் எழுந்தபின் பொந்துக்கு எங்கே போகும்? கூரைக்குத்தான் வரும்.

வீட்டுக்கார அம்மா நஞ்சு வைக்கச் சொன்னார்.

"தாய் செத்தால் குட்டிகள் பட்டினியில் சாகும் அம்மா, வீடும் நாறும்" என்றேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வலிகாமத்தை விட்டு நடந்தவன் நான் என்பதை அவர் அறிவார். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "குட்டிகள் வளரட்டும்" என்றார்.

குட்டிகள் தாயின் பின்னே இரை தேடப் புறப்படும் காலம் வந்தது. ஓர் இரவு எல்லாம் வெளியேறியதை உறுதி செய்துகொண்டு, ஓட்டின் இடைவெளியைக் கம்பிவலையால் அடைத்தோம். இப்போதும் மாம்பழக் காலத்தில், பின்வளவு மரத்தடியில் பாதி தின்ற பழங்கள் கிடக்கும்.

உங்கள் கூரையிலும் ஓசை கேட்டால், அடைக்குமுன் உள்ளே குட்டி உண்டா என்று ஒருமுறை பாருங்கள்.