கடலாமையும் மலைநாட்டாரும்



மலைநாட்டிலே வாழும் நமக்குக் கடல் தூரத்து உறவினரைப் போன்றது. பெயரை அறிவோம், பெருமையைக் கேட்டிருப்போம், நேரிற் கண்டு பழகும் வாய்ப்போ குறைவு. திம்புள்ளப் பகுதித் தோட்டங்களிலே கடலையே காணாது வளரும் பிள்ளைகள் இன்றும் உளர். ஆதலால், விடுமுறையிற் குடும்பத்தோடு எங்கே செல்லலாம் என்று பெற்றோர் வினவும்போது, கடற்கரைக்குச் செல்லுங்கள், இயலுமானால் கடலாமைக் காப்பகம் ஒன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று நான் கூறுவதுண்டு. அவ்வாறு செல்வோர் எதனைக் காணவேண்டும், எதனைச் செய்யாதிருக்கவேண்டும் என்பதுபற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கொழும்பிலிருந்து காலிக்குச் செல்லும் கரையோரப் பாதையில், பெந்தோட்டையைத் தாண்டியதும் கொஸ்கொட என்னும் ஊர் வரும். அவ்வூரிலும் அதன் அயலிலும் ஆமைக் குஞ்சுப் பொரிப்பகங்கள் பல உள்ளன. உலகிலுள்ள கடலாமை இனங்கள் 7. அவற்றுள் பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை ஆகிய 5 இனங்கள் இலங்கைக் கரைக்கு முட்டையிட வருகின்றன. 1972ஆம் ஆண்டு முதல் இவை யாவும் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுள்ளன. ஆயினும், சட்டம் வந்த அன்றே பழக்கம் போய்விடுவதில்லை. ஆமை முட்டையைத் தோண்டி விற்றுப் பிழைத்தவர்கள் கரையோரத்தில் இருந்தனர். அவர்களிடமிருந்து முட்டைகளை விலை கொடுத்து வாங்கி, வேலியிட்ட மணலிலே மீண்டும் புதைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து கடலில் விடும் முயற்சியாகவே இப்பொரிப்பகங்கள் தோன்றின. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல்கோள் அவற்றை வாரிக்கொண்டு போனபின்னும், அவ்வூரார் மீண்டும் வேலியிட்டுப் பணியைத் தொடர்ந்தனர்.

சில காலத்துக்கு முன் எங்கள் குடும்பத்தார் அத்தகைய ஓரிடத்துக்குச் சென்றிருந்தோம். தீக்குச்சிப் பெட்டியளவேயான குஞ்சொன்றைக் கண்ட என் தம்பியின் மகன், “பெரியப்பா, இதனுடைய அம்மா எங்கே?” என்று கேட்டான். “அம்மா முட்டையிட்ட இரவே கடலுக்குத் திரும்பிவிட்டாள், தம்பி, இனி இங்கே வரமாட்டாள்” என்றேன். அவனுக்கு அது பெருங்கொடுமையாகத் தோன்றியது.

அச்சிறுவனுக்கு நம் முன்னோர் சொன்ன ஓர் உவமையை எடுத்துரைத்தேன். பறவை தொட்டு அடைகாக்கும். மீன் பார்வையாற் பொரிக்கும். ஆமையோ, எங்கோ இருந்துகொண்டு நினைவினாற் பொரிக்கும் என்பர். பரிச தீட்சை, நயன தீட்சை, மானச தீட்சை என்னும் மூன்றையும் விளக்கச் சைவ சித்தாந்தம் இவ்வுவமையைக் கையாளுகிறது. முட்டையைப் பொரிக்கச் செய்வது மணலின் வெப்பமே என்பது அறிவியல். வெப்பம் மிகுந்தாற் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும் என்றும் அது கண்டுள்ளது. எனினும், கடலாமை விடயத்தில் நாம் ஒழுகவேண்டிய முறையை அப்பழைய உவமை நன்கு காட்டுகிறது.

முதலாவது, தொடுதல். குஞ்சைக் கையிலேந்திப் படம் எடுத்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு ஆசை எழும். சில இடங்களில் அதற்கு இடமும் கொடுப்பர். பொரித்து வெளிவந்த குஞ்சின் உடலிலே கருவுணவின் மிச்சம் சிறிது இருக்கும். அதனையே கட்டுச்சோறாகக் கொண்டு அது ஏறத்தாழ ஒரு நாள் இடைவிடாது நீந்தி, கரையோரத்துப் பகைகளைக் கடந்து ஆழ்கடலை அடைகிறது. தொட்டியிலே பல நாள் வைத்திருந்தால் அந்த வேகம் வீணாகிவிடும். நாம் கையிலெடுத்து மகிழும் சில நிமிடங்களுக்காக அதன் பயணத்தைத் தாமதிக்கச் செய்தல் அன்பாகுமா?

இரண்டாவது, பார்த்தல். குஞ்சுகள் பெரும்பாலும் இரவிலேயே மணலைவிட்டு வெளிவருகின்றன. கடற்பக்கத்து வானின் வெளிச்சமே அவற்றுக்கு வழிகாட்டி. விடுதி விளக்கும் நம் கைவிளக்கும் அவற்றைத் தரைப்பக்கம் திருப்பிவிடும். பகலிற் குஞ்சு விடுவது நமக்கு நல்ல காட்சியாகலாம். பறவைகளுக்கோ அது விருந்து. வலையில் அகப்பட்டுத் துடுப்பை இழந்து, கடலுக்கு இனித் திரும்பவியலாத ஆமைகளைத் தொட்டியிற் பேணுவது வேறு. அவற்றைப் பிள்ளைகள் ஆறுதலாகப் பார்க்கட்டும், காரணத்தையும் கேட்டறியட்டும்.

தங்காலைக்கு அப்பால் றெக்காவக் கடற்கரையில் 1996ஆம் ஆண்டு வேறொரு முறை தொடங்கப்பட்டது. முட்டை தோண்டியவர்களையே கூலிக்கு அமர்த்தி, ஆமை இட்ட இடத்திலேயே முட்டைகளைக் காவல்செய்ய வைத்தனர். முட்டையை எவரும் இடம் பெயர்க்கவில்லை. காவலாளி ஆனவனும் பிழைப்பை இழக்கவில்லை. காப்பதென்பது எடுத்து வைத்துக்கொள்வதன்று, இருந்த இடத்தில் இருக்கவிடுவதே என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

மூன்றாவது, நினைத்தல். இது மலைநாட்டாராகிய நமக்கே சிறப்பாக உரியது. நம் தோட்டத்து ஓடைகள் கொத்மலை ஓயாவிற் கலக்கின்றன. அது மகாவலியைச் சேர்கிறது. மகாவலி திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகிறது. ஏழுவரி ஆமைக்குச் சொறிமீனே முதன்மையான உணவு. நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பை அதன் கண்ணுக்குச் சொறிமீனாகவே தோன்றும். விழுங்கினாற் குடல் அடைபட்டு மாளும். 2021ஆம் ஆண்டு எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியபின், பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் குவிந்தன. இறந்த ஆமைகளும் பல இடங்களில் ஒதுங்கின. அத்தகைய பெருந்தீங்கைத் தடுக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லாதிருக்கலாம். கடையிலிருந்து கொண்டுவந்த பையை ஓடையில் எறியாதிருக்கும் ஆற்றல் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.

ஆகவே, காப்பகத்துக்குச் செல்லும் பெற்றோர் மூன்று கேள்விகளைத் தயங்காது கேளுங்கள். குஞ்சுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? எந்நேரத்தில் விடுகிறீர்கள்? தொட்டியிலுள்ள பெரிய ஆமைக்கு என்ன நேர்ந்தது? பிள்ளைகள் அருகில் நிற்கும்போதே கேளுங்கள். கேட்போர் பெருகப் பெருக, நடத்துவோரும் முறையைத் திருத்திக்கொள்வர்.

ஆயிரங் குஞ்சுகளில் ஒன்றே முழு வளர்ச்சியை எட்டும் என மதிப்பிடுவர். தப்பிப் பிழைத்த பெண்ணாமை இருபது, முப்பது ஆண்டுகளுக்குப்பின், தான் பிறந்த கரைப்பக்கமே முட்டையிட வரும். அன்று அக்கரை இருளாகவும் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும். அதற்கு வேண்டிய நினைவை இன்று நம் பிள்ளைகளின் உள்ளத்தில் விதைப்பது, கடலோரத்தார்க்கு மட்டுமன்றி மலையிலுள்ள நமக்கும் கடமையாகும்.