முதலாளியும் முதலுதவியும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்குத் தொழிற்சட்டத்தில் என்ன வேலை என உங்களிற் சிலர் எண்ணலாம். அதற்குக் காரணம் என் மாணாக்கன் ஒருவன்.

என்னிடம் பயின்று, பின்னர் அச்சகமொன்றில் வேலைக்கமர்ந்த இளைஞன் அவன். ஒருநாள் தாள் வெட்டும் பொறியில் அவன் வலக்கை அகப்பட்டது. முதலுதவிப் பெட்டி சுவரில் இருந்தது, ஆனால் பூட்டியிருந்தது. திறவுகோலோ, அயலூர்த் திருமணத்திற்குச் சென்றிருந்த முதலாளியின் இடுப்பில் இருந்தது. உடனிருந்தோர் காப்பித்தூளை அப்பி, பொறி துடைக்கும் துணியாற் கட்டினர். புண் சீழ் வைத்தது. விரல்கள் இரண்டை நீக்க நேர்ந்தது. பின்பு பூட்டை உடைத்துப் பார்த்தபோது, பெட்டிக்குள் இருந்தவை பழைய பற்றுச்சீட்டுகளும் காய்ந்துபோன மருந்துக் குப்பி ஒன்றுமே. சான்றிதழொன்றின் பொருட்டு என்னிடம் வந்த அவன், இடக்கையால் தன் பெயரை எழுதக் கண்டேன். எழுத்துக் கற்பித்தவன் யானல்லனோ? அன்றுதொட்டு இப்பொருளை ஆராயலானேன்.

சட்டம் கூறுவது யாது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 150 தொழிலாளர்க்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டிகள் வைக்குமாறு விதித்தது. குறிக்கப்பட்ட பொருள்களன்றி வேறெதுவும் அதனுள் இருத்தலாகாது என்றது. ஒவ்வொரு பெட்டிக்கும், முதலுதவியிற் சான்று பெற்ற ஒருவர் பொறுப்பேற்று, வேலை நேரம் முழுதும் அருகிலிருத்தல் வேண்டும் என்றது. ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் உழைக்குமிடத்துத் தனிச் சிகிச்சையறையும் வேண்டுமென்றது. இவ்வசதிகளுக்காகத் தொழிலாளியிடம் கட்டணம் கொள்வதையும் அச்சட்டம் விலக்கியது.

அதனிடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும், பெட்டியிலுள்ள பொருள்கள் வேலை நேரம் முழுதும் எளிதிற் கைக்கெட்டுமாறு இருத்தல் வேண்டும் என்கின்றது. ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்ட தொழிற்சாலைக்குரிய சிகிச்சையறை விதியும் அதன்கண் உளது. ஆதலின் பூட்டிய பெட்டி பெட்டியாகாது என்பது தெளிவு.

"என் பட்டறையில் உள்ளோர் அறுவரே, இவ்விதிகள் என்னைத் தொடா" என்பார் நம்மவருள் உளர். சட்டத்தின் எண்ணிக்கை அதிகாரி வருவதற்கு அளவாகலாம். குருதி வழிவதற்கு அளவாகுமோ? அறுவருள் ஒருவன் கை அறுபட்டாலும், மருத்துவர் வருமுன் கழியும் அச்சில நிமிடங்களே அவன் வாழ்வைத் தீர்மானிக்கின்றன.

அந்நிமிடங்களிற் செய்யத்தக்கன அரியன அல்ல. குருதி பெருகுமாயின் தூய துணியை வைத்து விடாது அழுத்துக. தீப்புண்ணாயின் இருபது நிமிடம் ஓடும் குளிர்நீரிற் காட்டுக. மையும், மஞ்சளும், பற்பசையும், காப்பித்தூளும் புண்ணை அணுகவொட்டாதீர். உடனே மருத்துவமனைக்கு அனுப்புக. இவற்றை முறையாகப் பயிற்றுவிக்கச் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற நிறுவனங்கள் நம் நாட்டில் உள்ளன.

முதலுடையவனை முதலாளி என்கிறோம். இடுக்கண் உற்றவிடத்து முதற்கண் செய்வதை முதலுதவி என்கிறோம். இரண்டற்கும் 'முதல்' என்பதே அடி. பொருள் இடுவதில் முதல்வனாக நிற்பவன், உதவி செய்வதிலும் முதல்வனாக நிற்றலே அப்பெயர்க்கு அழகு. காயமுற்றவனுக்குப் பின்னர்ப் பணம் கொடுத்தேன் என்று கூறிக்கொள்வோர் உளர். பின்னர்க் கொடுப்பது எத்துணையாயினும் போன விரல் மீளாது. மேலும், முதலுதவி முதலாளியின் தயவு அன்று; தொழிலாளி கேட்டுப் பெறுதற்குரிய உரிமை. இதனைத் தொழிலாளராகிய நம் உறவினரும் அறிதல் வேண்டும்.

நிறைவாக ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று பொறிகளைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுகின்றோம். அன்றே முதலுதவிப் பெட்டியையும் திறந்து, காலங்கடந்தவற்றை அகற்றிப் புதியன வையுங்கள். பூட்டைக் கழற்றி எறியுங்கள். பட்டறைக்கு ஒருவரையேனும் பயிற்சிக்கு அனுப்புங்கள். அதற்கான வகுப்பினை இச்சங்கக் கட்டடத்திலேயே நடத்துமாறு தலைவரவர்களை வேண்டுகின்றேன். இடம் திருத்தவும், நாற்காலி போடவும் யான் முன்னிற்பேன்.