நோய்க்காலத்து மொழிபெயர்ப்பு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கொள்ளைநோய்க் காலத்தில் அறிவியலார் காணும் உண்மைகள் நாள்தோறும் மாறுகின்றன. அவற்றை, வீடு வீடாகச் சென்று தொண்டாற்றும் செவிலியர்க்கும் ஆஷா பணியாளர்க்கும் அவர்தம் மொழியில் எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பதே யாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். இதனைப் பேசப் பிரேசர் டவுனைவிடப் பொருத்தமான இடம் உண்டோ? இப்பகுதியே ஒரு கொள்ளைநோயின் விளைவாய்ப் பிறந்ததன்றோ!

1898ஆம் ஆண்டில் பிளேக் நோய் பெங்களூருக்குள் புகுந்தது. நெருக்கமான பழைய குடியிருப்புகளில் அது பேரழிவு செய்தது. அதன் பின்னர், 1910ஆம் ஆண்டில், மைசூர் ரெசிடெண்டாக விளங்கிய ஸ்டூவர்ட் பிரேசர் பெயரால் இப்பகுதி உருவாயிற்று. அகன்ற தெருக்களும், காற்றும் ஒளியும் புகும் வீடுகளும், எலி அண்டாத அமைப்பும் இதன் நோக்கங்களாம்.

நோய் இங்கு நுழைந்த அதே 1898ஆம் ஆண்டில், கராச்சி நகரில் ஆய்வு செய்த பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்று கண்டார். அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. 1905க்குப் பின் பம்பாயில் நடந்த சோதனைகளே ஐயத்தை அகற்றின. அதுவரை ஊழியர்கள் தரையைக் கிருமிநாசினியால் கழுவிக்கொண்டிருந்தனர். உண்மை பிறந்துவிட்டது, உழைப்பவர் கைக்கு வந்து சேரவில்லை.

2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. அன்று அறிவு ஆமையாய் நடந்தது. இன்று வெள்ளமாய்ப் பாய்ந்தது. பிற வல்லுநர் சரிபார்க்கு முன்பே ஆய்வுரைகள் உலகெங்கும் பரவின. 2021 ஜனவரி 16ஆம் நாள் நம் நாட்டில் தடுப்பூசிப் பணி தொடங்கியபோது, கோவிஷீல்டு ஊசியின் இரு தவணைகளுக்கும் இடைவெளி 4 முதல் 6 வாரம் என்றனர். மார்ச்சில் 6 முதல் 8 வாரம் என்றனர். மே மாதத்தில் 12 முதல் 16 வாரம் என்றனர். இடைவெளி நீண்டால் காப்பு மிகும் என்று ஆய்வுகள் காட்டியதே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆயினும் வாசலில் நின்ற ஆஷா பணியாளரிடம், "அன்று ஒன்று சொன்னீர், இன்று வேறொன்று சொல்கிறீரே, எதை நம்புவது?" என்று மக்கள் கேட்டால் அவர் என் செய்வார்? எண் மட்டும் அவர்க்கு எட்டி, காரணம் எட்டாவிடின், பொய்யர் என்னும் பழி அவர் தலைமேல் அன்றோ விழும்?

பாதிச் செய்தியோ இதனினும் கொடிது. 2020 ஜூன் 16ஆம் நாள், டெக்சாமெதசோன் என்னும் மலிவான மருந்து பற்றி ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் அறிவித்தனர். சுவாசக் கருவியில் இருந்தோரிடையே அது சாவை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெற்றோரிடையே ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்க்குப் பயன் காணப்படவில்லை என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. முன்பாதி ஊரெங்கும் பரவியது. பின்பாதி வழியில் உதிர்ந்தது. 2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை நோய் பெருகியபோது, கட்டுப்படாத நீரிழிவோடு ஸ்டீராய்டு மருந்துகளின் முறையற்ற பயன்பாட்டையும் மருத்துவர் காரணமாகச் சுட்டினர். மொழிபெயர்ப்பில் விட்டுப்போன ஒரு நிபந்தனை உயிர்க்கே ஊறு செய்யும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நம் தமிழிலும் இடர்கள் உண்டு. நோயுற்றவரைப் பிரித்து வைப்பது ஒன்று. நோயாளியோடு பழகியவரைச் சில நாள் தனியே இருத்திக் காண்பது வேறொன்று. இரண்டையும் 'தனிமைப்படுத்தல்' என்ற ஒரே சொல்லால் குறித்தோம். 'நெகட்டிவ்' என்பதை 'நோய் இல்லை' என்றோம்; 'சோதனையில் நோய் தென்படவில்லை' என்பதன்றோ அதன் பொருள்? 'பயன் உண்டென்பதற்குச் சான்று இல்லை' என்பதும், 'பயன் இல்லை என்பதற்குச் சான்று உண்டு' என்பதும் ஒன்றாகா. முன்னது இன்னும் தெரியவில்லை என்கிறது. பின்னது தெரிந்துவிட்டது என்கிறது.

நற்பணி நடவாமலும் இல்லை. 2020 ஏப்ரலில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், நம் நகரத்து இந்திய அறிவியல் கழகம் முதலியவை சேர்ந்து 'கோவிட் ஞான்' என்ற பன்மொழி முயற்சியைத் தொடங்கின. அறிவியலாளர் பலர் தாமாகவே ஒன்றுகூடி, வதந்திகளை மறுத்துப் பல இந்திய மொழிகளில் விளக்கம் எழுதினர். அவர்தம் தொண்டு போற்றற்குரியது.

யாம் இரயில்வே எழுத்தர்; மருத்துவம் அறியோம். ஆயினும் எம் துறையில் உள்ள ஒரு வழக்கம் இங்குப் பொருந்தும் எனக் கருதுகிறோம். பாதையில் பழுது இருப்பின் ஓட்டுநர்க்கு எச்சரிக்கைச் சீட்டு ஒன்று தரப்படும். எந்த இடம், எவ்வளவு வேகம், எந்த நாள் என்பன அதில் தெளிவாக இருக்கும். பெற்றுக்கொண்டவர் கையொப்பமிடுவார். பழுது நீங்கினால் வேகக் கட்டும் நீங்கும். முந்தைய சீட்டைப் பொய்யென்று எவரும் சொல்லார். அது அன்றைய பாதைக்கு எழுதியது என்பதை அனைவரும் அறிவர்.

மருத்துவச் செய்தியும் அவ்வாறே செல்லவேண்டும். யாருக்கு, எந்நிலையில், எந்த அளவு உறுதியோடு, எந்த நாள் வரை அறிந்தபடி என்ற நான்கும் ஒரு பக்கத்துக்குள் அடங்கவேண்டும். மாறினால், ஏன் மாறியது என்று ஒரு வரி வேண்டும்.

இவ்வட்டாரத்து ஆஷா பணியாளர் ஒரே தெருவில் கன்னடமும் தமிழும் உருதும் கேட்கின்றனர். நம் சங்கம், நோயில்லாத இந்நாளிலேயே, சில மருத்துவச் சொற்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் எளிய விளக்கம் எழுதி, மருத்துவர் ஒருவரிடம் சரிபார்த்து, பணியாளரிடம் படித்துக்காட்டி, அவர் திருப்பிச் சொல்வது பொருந்துகிறதா என்று பார்த்துத் திருத்தி வைக்கலாகாதா? பெரும்பொருள் வேண்டியதில்லை; சில ஞாயிற்றுக்கிழமைகள் போதும். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவதால் பயன் இல்லை என்பதை நம் முன்னோர் அறிவர்.