பெரிய காணியா, சின்னக் காணியா?

(மட்டக்களப்பு படுவான்கரையில் வயல் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மலையில் கொழுந்து பறிக்கிறவர்களின் வணக்கத்தோடு வந்திருக்கிறோம். நாங்கள் தூரத்து ஆட்கள் அல்ல. தலவாக்கலையில் பெய்கிற மழை கொத்மலை ஓயா வழியே மகாவலியில் விழுகிறது. மகாவலி நீரில் ஒரு பங்கு சுரங்கம் வழியாக மாதுறு ஓயாவுக்குத் திருப்பப்பட்டு, வாழைச்சேனைப் பக்கம் கடலைச் சேர்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைத்தான் வரைபடத்தில் காட்டுகிறோம்.

பெரிய கம்பனிதான் மண்ணைக் கெடுக்கும், சின்னக் கமக்காரர் காப்பார் என்று சிலர் சொல்கிறார்கள். மூன்று ஏக்கர்காரருக்கு விளக்கமில்லை, கண்டபடி மருந்தடிக்கிறார், பெரிய பண்ணையிடம் கொடுத்தால் ஒழுங்காகும் என்று வேறு சிலர். இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

எங்கள் பக்கத்தைப் பாருங்கள். தோட்டங்கள் நூற்றுக்கணக்கான ஏக்கர். ஆனால் இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ 70 வீதம் சிறு தோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. பரகுவாட் களைநாசினி கம்பனித் தோட்டத்திலும் அடிக்கப்பட்டது, அரை ஏக்கரிலும் அடிக்கப்பட்டது. போத்தல் ஒன்றுதான். 2008க்கும் 2011க்கும் இடையில் அதை நிறுத்தியது சட்டம்.

1972இல் வயலுக்கு 25 ஏக்கர் உச்சவரம்பு வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் மறுபடி கம்பனிகளிடம் வந்தன. துரைமார் மாறினார்கள். மருந்து அறைச் சாவி மட்டும் தொழிலாளி கைக்கு வரவில்லை.

இங்கே எப்படி? மூன்று ஏக்கர்காரர் உரமும் எண்ணெயும் கடனுக்கு எடுக்கிறார். கடைக்காரர் தருகிற போத்தலைத்தான் அடிக்கிறார், அறுவடையில் நெல்லாகக் கட்டுகிறார். போடியார் வயலில் டாங்கி ஏறுவது முல்லைக்காரர் முதுகில். எதை, எவ்வளவு அடிப்பது என்று தீர்மானிக்கிறவர் அந்தச் சேற்றில் நிற்பதில்லை. நிற்கிறவரைக் கேட்பதுமில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடைசெய்து, நவம்பரில் மீளப்பெற்றார்களே, அப்போது மட்டும் யாராவது உங்களைக் கேட்டார்களா?

வாவிக்கு ஏக்கர்க் கணக்குத் தெரியாது. நூறு பேரின் மூன்று ஏக்கர் ஒரே வடிச்சலில் இறங்கினால் அது முந்நூறு ஏக்கர்ப் பண்ணைதான். இறாலும் நண்டும் பிடித்துச் சீவிக்கிற குடும்பம், வந்தது யாருடைய வயல் தண்ணீர் என்று பிரித்துப் பார்க்கவா முடியும்?

ஆனால் எங்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதுதான் வட்டை. விதைப்பு எந்தத் திகதி, வாய்க்கால் எப்போது திறப்பது, மாடுகளை எப்போது அகற்றுவது எல்லாவற்றையும் போக ஆரம்பக் கூட்டத்தில் ஒன்றாகத் தீர்மானிக்கிறீர்கள். பெரியவரும் சின்னவரும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். (உண்மையைச் சொன்னால், இதைக் கேட்டபோது எங்களுக்குப் பொறாமைதான்.) அப்படியானால் மருந்தையும் அந்தக் கூட்டத்தில் ஏன் பேசக்கூடாது? எந்தப் போத்தல் வேண்டாம், வடிச்சலுக்கு எவ்வளவு தள்ளி அடிப்பது, கையுறைக்குக் காசு யார் தருவது என்றெல்லாம்?

ஒரு குறை உண்டு. கமக்காரர் அமைப்பில் காணி செய்கிறவருக்குத்தான் இடம். கூலிக்கு மருந்தடிக்கிறவருக்கு இல்லை. அந்த இடத்தைக் கேட்டு வாங்குவதே முதல் வேலை. மலையில் நாங்களும் சம்பளப் பேச்சு மேசைக்கு மருந்து அறைக் கணக்கைக் கொண்டு போகிறோம்.

பெரும்போகக் கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒவ்வொரு வட்டையிலும் டாங்கி சுமக்கிறவர்களின் பெயர்களை இன்றைக்கே எழுதத் தொடங்குவோம்.