‘ரன்’ என்னும் ஒரு வார்த்தை

இங்கிலீஷ் பேசுகிறவனெல்லாம் மேதாவி என்றும், ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தவறிவிட்ட பிள்ளை மூடன் என்றும் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆகவே ‘ரன்’ என்கிற சின்ன வார்த்தையைப் பற்றிச் சிறிது பேச ஆசைப்படுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் ‘ரன்’ என்றால் ஓடு என்று நெட்டுருப் போட வைக்கிறார்கள். ஆனால் இங்கிலீஷ்காரனுக்கு ஆறு பாய்வதும் ‘ரன்’, மூக்கு ஒழுகுவதும் ‘ரன்’, கடை நடத்துவதும் ‘ரன்’, துணியில் சாயம் பரவுவதும் ‘ரன்’. தேர்தலுக்கு அமெரிக்கன் ‘ஓடுகிறான்’. இங்கிலீஷ்காரனோ நம்மைப் போலவே ‘நிற்கிறான்’. இதில் எது சரி, எது தப்பு?

ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு 645 அர்த்தங்கள் கண்டதாக 2011-இல் செய்தி வந்தது. அதற்கு ஓர் ஆசிரியர் ஒன்பது மாதம் உழைத்தாராம். இத்தனை அர்த்தங்களையும் எந்தப் பண்டிதன் உண்டாக்கினான்? ஒருவனுமில்லை. மாலுமியும், வியாபாரியும், யந்திரத் தொழிலாளியும் தங்கள் காரியத்திற்கு வேண்டியபடி பேசினார்கள். அகராதி பின்னால் வந்து எழுதிக்கொண்டது.

நம் பாஷையிலும் கடிகாரம் ஓடுகிறது, சினிமா ஓடுகிறது, கவலை வந்தால் புத்தி ‘ஓடவில்லை’. இவற்றிற்கெல்லாம் காலா இருக்கிறது?

ஆதலால் தோழர்களே, ‘கடை ஓடுகிறான்’ என்று மொழிபெயர்த்த பிள்ளையை அடிக்காதீர்கள். அவன் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான். வாக்கியத்தைப் பார்த்து யோசிக்கக் கற்றுக் கொடுங்கள். அதுதான் படிப்பு, மற்றது வெறும் உருப்போடுதலேயாகும்.